வழிப்போக்கரே, கொஞ்சம் நின்று படியுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ரோமிலிருந்து தெற்கே போகும் அப்பியன் சாலையைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதி, "அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் மைல் கணக்கில் கல்லறைகள்" என்று முடித்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

மதுரை வாசகர் ஒருவர்: ஊர் எல்லை தாண்டி சுடுகாடு இருப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் அதை ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில்தானே வைப்போம்? ஊருக்குள் வருகிற பெரிய சாலையிலேயே வரிசையாகக் கல்லறை கட்டுவார்களா? பயமாக இருக்காதா?

சட்டம் ஊருக்கு வெளியே அனுப்பியது. சாலையோரத்துக்குக் கூட்டிவந்தது ஆசை. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

கி.மு. 450 வாக்கில் ரோமானியர்கள் எழுதிவைத்த பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் பத்தாவது பலகை முழுக்க சாவு வீட்டு விஷயம்தான். அதில் ஒரு வரி: 'இறந்தவரை ஊருக்குள் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது.' காரணம் எதுவும் சொல்லவில்லை. தீட்டு ஒரு காரணம். தீப்பிடிக்கும் என்ற பயம் இன்னொரு காரணமாக இருக்கலாம் என்று 400 வருடம் கழித்து ரோமானிய வழக்கறிஞர் சிசரோ எழுதுகிறார். அதே பலகையில், பெண்கள் கன்னத்தைக் கீறிக்கொண்டு அழக் கூடாது, பிணத்தோடு தங்கம் வைக்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு வருகிறது, ஆனால் இறந்தவரின் பல் தங்கக் கம்பியால் கட்டப்பட்டிருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம், குற்றமில்லை என்று ஒரு விலக்கும் சேர்த்திருக்கிறார்கள். சாவு நடந்த வீட்டில் யாரும் குறடை எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, ஊருக்கு வெளியே என்று ஆகிவிட்டது. வெளியே எங்கே? வயலும் காடும் எவ்வளவோ கிடந்தது. ஆனால் அவர்கள் கேட்டது சாலையோரம். ஏனென்றால் அங்கேதான் ஆட்கள் வருவார்கள். வியாபாரி, சிப்பாய், கழுதை ஓட்டுகிறவன், வழக்குக்காக நகரத்துக்குப் போகிறவன், எல்லாரும் நகர வாசலை நெருங்கும்போது நடையைக் குறைப்பார்கள். அப்போது கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெயர் இருக்க வேண்டும். யாராவது நம் பெயரைப் படித்தால் நாம் முழுசாகப் போய்விடவில்லை என்கிற எண்ணம் அவர்கள் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே காசு உள்ளவர்கள் சாலையை ஒட்டிய இடத்தைப் பிடித்தார்கள், முடியாதவர்கள் அதற்குப் பின்னால், இன்னும் முடியாதவர்கள் அதற்கும் பின்னால்.

பயத்தைக் கேட்டீர்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பாம்பேயி நகரத்தின் ஹெர்குலேனியம் வாசலுக்கு வெளியே போகும் சாலையை மனசில் வைத்துப் பாருங்கள். ஒரு கல்லறை, பக்கத்தில் கடை, எதிரே பெரிய தோட்ட வீடு, மறுபடியும் கல்லறை. நகர மன்றம் தீர்மானம் போட்டு இடம் கொடுத்த மாமியா என்ற பெண் பூசாரியின் நினைவிடம், அரைவட்டமான ஒரு கல் பெஞ்சு. அவ்வளவுதான். நடந்து களைத்தவர் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் அவள் பெயர் ஓடும். ஓய்வெடுக்க ஓர் இடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தன் பெயரை ஒரு தடவை படிக்கச் சொல்கிறாள். இதில் பயத்துக்கு எங்கே இடம்?

கோவை வாசகி: சக்கரவர்த்திக்கும் இதே சட்டம்தானா?

பெரும்பாலும் ஆமாம். முதல் சக்கரவர்த்தி அகஸ்டஸ் கி.மு. 28-ல் கட்டத் தொடங்கிய பிரம்மாண்டமான சமாதிகூட பொமெரியம் எனப்படும் புனித நகர எல்லைக்கு வெளியேதான் இருந்தது. டிரேஜன் விதிவிலக்கு. கி.பி. 117-ல் அவர் இறந்ததும் அஸ்தியைத் தங்கக் கலசத்தில் வைத்து, நகரின் நடுவில் நிற்கும் அவருடைய வெற்றித் தூணின் அடிப்பீடத்துக்குள் வைத்தார்கள். வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிகளுக்கும் விலக்கு உண்டு. சாதாரண ஜனங்கள் மீறாமல் இல்லை, மீறியதால்தான் அடுத்து வந்த ஹாட்ரியன் ஊருக்குள் புதைத்தால் 40 பொற்காசு அபராதம் என்று ஆணை போட வேண்டிவந்தது. ஸ்பெயினில் இன்றைக்கு ஓசுனா என்று அழைக்கப்படும் ஊரின் பழைய வெண்கலச் சட்டத் தகட்டில் அபராதம் 5,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்), அதோடு ஊரிலிருந்து அரை மைலுக்குள் புதிதாக எரிமேடை கட்டவும் தடை.

திருச்சி கல்லூரி மாணவி: அந்தக் கல்லறைகளில் என்னதான் எழுதியிருக்கும்? வெறும் பெயரும் தேதியுமா?

வெறும் பெயரும் தேதியும் இருந்திருந்தால் நான் இதைப் படிக்கவே ஆரம்பித்திருக்க மாட்டேன் அம்மா.

வழக்கமான சுருக்கெழுத்துகள் சில உண்டு. மேலே 'டி.எம்.' என்று இரண்டு எழுத்து: மூதாதையரின் ஆவிகளுக்கு, என்று அர்த்தம். கீழே 'எஸ்.டி.டி.எல்.': மண் உன் மேல் லேசாக இருக்கட்டும். அப்புறம் நிலப் பத்திரம் மாதிரி அளவு: சாலையை ஒட்டி இத்தனை அடி, உள்ளே இத்தனை அடி. 'இந்தக் கல்லறை வாரிசுக்குப் போகாது' என்றும் எழுதுவார்கள், ஏனென்றால் சொத்தை வாங்கிய மகனோ பேரனோ கல்லறையையும் விற்றுவிடக் கூடாது. பாம்பேயியில் தேர்தல் விளம்பரம் எழுதுகிறவர்கள் கல்லறைச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. 'எழுத்துக்காரரே, இந்தச் சமாதியை விட்டுவிட்டுப் போங்கள்' என்று கெஞ்சிப் பொறித்த கற்களும் இத்தாலியில் கிடைத்திருக்கின்றன.

ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வழிப்போக்கரோடு பேசுகிற கல்வெட்டுகளை. அந்தக் காலத்தில் வாய்விட்டுப் படிப்பதுதான் சகஜம், எனவே படிக்கிறவரின் குரலே இறந்தவரின் குரலாகிவிடும். கிளாடியா என்ற பெண்ணுக்கு கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைத்த கல் ஒன்று. கல் தொலைந்துவிட்டது, படி எடுத்துவைத்த வாசகம் தப்பித்தது:

'அந்நியரே, நான் சொல்லப்போவது கொஞ்சம்தான். நின்று படித்துவிட்டுப் போங்கள். அழகான பெண் ஒருத்தியின் அழகில்லாத கல்லறை இது. பெற்றோர் வைத்த பெயர் கிளாடியா. கணவனை மனதார நேசித்தாள். இரண்டு பிள்ளை பெற்றாள். ஒருவனை மண் மேல் விட்டுச் சென்றாள், ஒருவனை மண்ணுக்குள் வைத்தாள். இனிமையாகப் பேசுவாள், நடையிலும் நளினம். வீட்டைப் பார்த்துக்கொண்டாள். கம்பளி நூற்றாள். சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.'

'சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்' என்பது மூலத்தில் இரண்டே சொல். வாசல் வரை வந்து வழியனுப்புகிற மாதிரி இருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொண்டாள், நூல் நூற்றாள் என்று ஒரு வாழ்க்கையைச் சுருக்கியதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு, இறந்த ஆண்களின் கல்லில் பதவிகள் பத்து வரிக்கு நீளும். ஆனாலும் மண் மேல் ஒருவன், மண்ணுக்குள் ஒருவன் என்ற இடத்தை எழுதியவர் அவளோடு வாழ்ந்து அழுதவராகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாமே கண்ணீர் என்றும் நினைக்காதீர்கள். பாம்பேயியின் நொசேரா வாசலுக்கு வெளியே வெசோனியஸ் ஃபிலரோஸ் என்ற விடுதலை பெற்ற அடிமை, உயிரோடு இருக்கும்போதே தனக்கும், தன் முன்னாள் எஜமானிக்கும், ஆர்ஃபெல்லியஸ் ஃபாஸ்டஸ் என்ற நண்பருக்கும் சேர்த்து ஒரு கல்லறை கட்டினார். பெயர்கள் எல்லாம் பொறித்தாகிவிட்டது. அப்புறம் நட்பு கெட்டது. உடனே கீழே இன்னொரு பலகை பதித்தார்: 'வழிப்போக்கரே, சிரமமில்லை என்றால் கொஞ்சம் நில்லுங்கள், எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நண்பன் என்று நான் நம்பிய இவன் எனக்கு எதிராக ஆள் வைத்து வழக்குப் போட்டான். தெய்வங்களுக்கும் என் குற்றமற்ற தன்மைக்கும் நன்றி, எல்லாத் தொல்லையும் தீர்ந்தது. நம்மைப் பற்றிப் பொய் சொல்கிறவனை வீட்டுத் தெய்வங்களும் ஏற்க வேண்டாம், பாதாளத்துத் தெய்வங்களும் ஏற்க வேண்டாம்.' அந்த நண்பன் ஃபாஸ்டஸ்தான் என்றே ஆய்வாளர்கள் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெயரை அழிக்கவில்லை, சிலையை எடுக்கவில்லை, பக்கத்திலேயே சாபத்தை வைத்துவிட்டார். கி.பி. 79-ல் எரிமலை வெடித்துச் சாம்பல் மூடியதால், 2,000 வருடம் ஆகப்போகிற அந்தக் கோபம் இன்னும் ஆறாமல் இருக்கிறது.

சென்னை வாசகர்: நீங்கள் சொல்வதெல்லாம் பணம் படைத்தவர்கள் கதை. ஏழைகளும் அடிமைகளும் எங்கே போனார்கள்?

ரொம்ப ஏழைகள் போன இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கம் பொய்யாகிவிடும். ரோமின் கிழக்கே எஸ்குவிலைன் குன்றுக்கு வெளியே பெரிய குழிகள் இருந்தன. கேட்பாரில்லாத உடல்கள் அங்கே போயின, செத்த மிருகங்களும் குப்பையும்கூட. 19ஆம் நூற்றாண்டில் ரோம் விரிந்தபோது தோண்டியதில், 'இந்த எல்லைக்குள் பிணம் எரிக்காதே, சாணமோ செத்த மிருகமோ போடாதே' என்று லூசியஸ் சென்டியஸ் என்ற அதிகாரி வைத்த எல்லைக்கற்கள் கிடைத்தன. அதில் ஒரு கல்லின் அடியில் யாரோ சிவப்பு மையில் சேர்த்திருக்கிறார்கள்: 'சாணத்தைத் தூரமாக எடுத்துப் போ, இல்லாவிட்டால் உனக்குக் கெடுதல் வரும்.' நாற்றம் தாங்காத அக்கம்பக்கத்துக்காரர் எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம். அகஸ்டஸ் காலத்தில் அவருடைய நண்பர் மைசினாஸ் அந்த இடத்தை மண் போட்டு மூடித் தோட்டம் ஆக்கிவிட்டார்.

அந்தக் குழிக்குப் போகக் கூடாது என்பதற்காகவே மற்றவர்கள் செய்த ஏற்பாடுகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பெரிய வீட்டு அடிமைகளுக்குப் 'புறாக்கூடு' என்ற பெயரில் நிலவறைகள் இருந்தன. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள், ஒவ்வொன்றிலும் அஸ்திப் பானை, கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெயர்ப்பலகை. அகஸ்டஸின் மனைவி லிவியாவின் பணியாளர்களுக்கான புறாக்கூடு ஒன்று அப்பியன் சாலையில் 1726-ல் கிடைத்தது. அந்தப் பலகைகளில் தொழிலையும் போட்டிருக்கிறார்கள்: முடி அலங்காரம் செய்தவள், துணி தைத்தவள், வைத்தியன், முத்து கோத்தவன். எஜமானியின் வரலாற்றை எழுதியவர்கள் இவர்களை ஒரு வரி எழுதவில்லை. அந்தச் சின்னப் பலகைதான் இவர்கள் இருந்ததற்குச் சாட்சி.

பெரிய வீட்டின் தயவு இல்லாதவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். நம் ஊர்களில் மரண சகாய நிதி என்று மாதாமாதம் கட்டுவார்களே, அதேதான். அப்பியன் சாலைக்குப் பக்கத்தில் லானுவியம் என்ற ஊரில் கி.பி. 136-ல் பொறித்த ஒரு சங்கத்தின் விதிகள் முழுசாகக் கிடைத்திருக்கின்றன. 'சேர விரும்புகிறவர் முதலில் விதியைப் படித்துவிட்டுச் சேரவும், அப்புறம் வந்து குறை சொல்லவோ வாரிசுக்கு வழக்கை விட்டுப்போகவோ வேண்டாம்' என்று ஆரம்பிக்கிறது. சேரும்போது 100 செஸ்டர்ஸும் ஒரு ஜாடி நல்ல ஒயினும். பிறகு மாதம் 5 அஸ், அதாவது சுமார் ஒன்றேகால் செஸ்டர்ஸ். இறந்தால் சங்கம் 300 செஸ்டர்ஸ் தரும், அதில் 50 ஊர்வலத்தில் கூட நடந்தவர்களுக்குச் சிதையருகே பிரித்துக் கொடுக்கப்படும். ஊரிலிருந்து 20 மைலுக்கு அப்பால் இறந்துபோனால் மூன்று பேர் போய்க் காரியத்தை முடித்து வருவார்கள், அவர்களுக்கு வழிச்செலவு உண்டு. தற்கொலை செய்துகொண்டால் கிடையாது என்று இரக்கமில்லாத ஒரு விதியும் இருக்கிறது.

அதில் ஒரு விதியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உறுப்பினராக இருக்கும் அடிமை இறந்து, அவன் உடலை எஜமானன் நியாயமில்லாமல் கொடுக்க மறுத்தால் என்ன செய்வது? அப்போது ஓர் உருவத்தை வைத்து அவனுக்கு இறுதிச் சடங்கு நடத்தப்படும். உடலைத் தர மாட்டாயா, வைத்துக்கொள். நாங்கள் எங்கள் ஆளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறோம், என்கிறார்கள். மாதம் ஒன்றேகால் செஸ்டர்ஸ் கட்டிய ஏழைகள்.

நாகர்கோவில் வாசகர்: பிணம் தூக்குவது, எரிப்பது, குழி வெட்டுவது யார் வேலை? நம் ஊர் மாதிரி அதற்கென்று ஒதுக்கப்பட்டவர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். நேப்பிள்ஸ் பக்கத்தில் புத்தியோலி என்ற துறைமுக ஊரில், இந்த வேலையைக் குத்தகைக்கு விட்ட விதிகளைப் பொறித்த கல் கிடைத்திருக்கிறது. வேலையாட்கள் 20 வயதுக்குக் குறையாமல், 50-க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஊருக்குள் குடியிருக்கக் கூடாது. வேலைக்கு அழைத்தால் மட்டும் உள்ளே வரலாம், அப்போது தலையில் நிறத் தொப்பி போட்டிருக்க வேண்டும். பொதுக் குளியலறைக்கு மற்றவர்களெல்லாம் போன பிறகு, இரவான பின்தான் போகலாம். பிறப்பால் ஒட்டிய சாதி இல்லை அது, குத்தகைக்காரரிடம் மாட்டிக்கொண்ட அடிமைகளும் கூலிகளும். ஆனாலும் இறந்தவரை ஊருக்கு வெளியே வைத்த அதே எண்ணம், அவரைச் சுமந்தவனையும் வெளியே வைத்தது. இறந்தவருக்குச் சாலையோரத்தில் பளிங்குக் கல் கிடைத்தது, சுமந்தவனுக்குத் தொப்பி. அந்தத் தொப்பியின் அர்த்தத்தை நாஞ்சில் நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூர் வாசகி: இறந்தவர்களுக்குத் திதி, படையல் எல்லாம் உண்டா?

உண்டு. பிப்ரவரி 13 முதல் 21 வரை ஒன்பது நாள் முன்னோர்களுக்கு. பரென்டாலியா என்று பெயர். அந்த நாட்களில் கோயில்களை மூடிவிடுவார்கள், கல்யாணம் கிடையாது. குடும்பத்தோடு சாலை வழியாக நடந்து போய்க் கல்லறையில் பூ, கொஞ்சம் தானியம், ஒயினில் ஊறவைத்த ரொட்டி, உப்பு வைப்பார்கள். 22ஆம் தேதி, உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடிச் சாப்பிட்டு மனக்கசப்புகளைத் தீர்த்துக்கொள்கிற நாள். மே மாதம் மூன்று நாள் ராத்திரி, அமைதியில்லாத ஆவிகளை வெளியேற்ற வீட்டுத் தலைவர் கறுப்பு மொச்சையை வீசிக்கொண்டே வெறுங்காலோடு வீட்டைச் சுற்றி வருவார்.

படையல் சும்மா கல்லறை மேல் வைப்பதோடு நிற்கவில்லை. பல கல்லறைகளில் மேலிருந்து உள்ளே அஸ்தி வரைக்கும் ஒரு குழாய் இறங்குகிறது. அதன் வழியாக ஒயினும் பாலும் ஊற்றுவார்கள். ரோமின் துறைமுகத்துக்கும் ஓஸ்டியா நகரத்துக்கும் நடுவே ஈசோலா சாக்ரா என்ற இடத்தில் சாலையோர இடுகாடு ஒன்று மணலுக்கடியில் அழகாகத் தப்பித்திருக்கிறது. அங்கே செங்கல் கட்டிய பணக்காரக் கல்லறைகளின் வாசலில், சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடத் திண்ணைகள். அவற்றுக்கு நடுவே வெறும் மண்ணில், ஒயின் ஜாடியின் கழுத்து மட்டும் வெளியே தெரிகிறது. வசதியில்லாதவர்களின் சமாதி அது. ஜாடியின் வாய்தான் அடையாளம், அதேதான் ஊற்றுகிற வழி.

அங்கேயே ஸ்கிரிபோனியா அட்டிசே என்ற மருத்துவச்சியின் கல்லறை. வாசலில் பதித்த சுட்ட மண் பலகையில் பிரசவக் காட்சி: கைப்பிடியுள்ள நாற்காலியில் கர்ப்பிணி, பின்னால் நின்று ஒருத்தி தாங்கிப் பிடித்திருக்கிறாள், முன்னால் தாழ்வான முக்காலியில் மருத்துவச்சி, கையை நீட்டியபடியே முகத்தை நம் பக்கம் திருப்பியிருக்கிறாள். வழியில் போகிற நம்மைப் பார்க்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பக்கத்துப் பலகையில் கணவர், ஒரு நோயாளியின் காலுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார்.

சேலம் வாசகர்: எரித்தார்களா, புதைத்தார்களா?

இரண்டும். குடியரசின் கடைசிக் காலத்திலும் முதல் சக்கரவர்த்திகளின் காலத்திலும் ரோமில் எரிப்பதுதான் அதிகம், கி.பி. 2ஆம் நூற்றாண்டிலிருந்து புதைப்பது மெல்ல மெல்ல மேலோங்கியது. பல் முளைக்காத குழந்தையை எரிப்பதில்லை என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். எரிக்கும் காலத்திலும் மாறாகச் செய்தவர்கள் உண்டு. 2021-ல் பாம்பேயியின் சார்னோ வாசலுக்கு வெளியே மார்கஸ் வெனேரியஸ் செகுண்டியோ என்பவரின் கல்லறை திறக்கப்பட்டது, காற்றுப் புகாமல் அடைத்த சின்ன அறையில் 60 வயது தாண்டிய அவர் உடல், வெள்ளை முடியும் ஒரு காதும் அப்படியே. நகரத்தின் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். கிரேக்கத்திலும் லத்தீனிலும் நான்கு நாள் கலை நிகழ்ச்சி நடத்தினேன் என்று கல்லில் பெருமையாகச் சொல்கிறார். பாம்பேயியில் கிரேக்க மொழி நிகழ்ச்சி நடந்ததற்கு அதுதான் நேரடிச் சான்று.

யாழ்ப்பாண வாசகர்: இத்தனை கல்லறைகளில் இப்போது எவ்வளவு மிச்சம்? எப்படி அழிந்தன?

பளிங்குதான் எமனாக வந்தது. பளிங்கைச் சுட்டால் சுண்ணாம்பு. நூற்றுக்கணக்கான வருடம் ரோமைச் சுற்றிச் சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்தன. கல்வெட்டுகளும் சிலைகளும் அதில் போயின. அதனால்தான் அப்பியன் சாலையில் இன்று பார்ப்பதெல்லாம் தோல் உரித்த மாதிரி செங்கல்லும் காரையுமாக நிற்கிறது.

தப்பித்தவை பெரும்பாலும் வேறு வேலைக்குப் பயன்பட்டவை. ரோமின் மூன்றாவது மைல் அருகே செசிலியா மெட்டெல்லா என்ற பிரபு குலப் பெண்ணின் சமாதி, 29 மீட்டருக்குமேல் விட்டமுள்ள வட்டக் கோபுரம். மேலே ஓடும் மாட்டுத்தலைச் சிற்பங்களால் அந்த வட்டாரத்துக்கே 'மாட்டுத்தலை' என்று பெயர் வந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயெத்தானி குடும்பம் அதைக் கோட்டையாக்கி, சாலையில் போகிறவர்களிடம் சுங்கம் வாங்கியது. கோட்டைக்குத் தேவைப்பட்டதால் இடிக்கப்படவில்லை. செஸ்டியஸ் என்பவரின் 36 மீட்டர் உயரப் பிரமிடு, 330 நாளில் கட்டி முடித்ததாக அதன் மேலேயே எழுதியிருக்கிறது, ஆரேலியன் சக்கரவர்த்தி கி.பி. 271-ல் அவசரமாக நகர மதில் எழுப்பியபோது மதிலோடு மதிலாகச் சேர்க்கப்பட்டுத் தப்பியது.

நிலத்தடிச் சுரங்க இடுகாடுகளும் இதே சாலைகளை ஒட்டியவைதான். ரோமைச் சுற்றியுள்ள எரிமலைப் பாறை வெட்ட இளசு, காற்றுப் பட்டால் இறுகும்; 2ஆம் நூற்றாண்டு முதல் கிறிஸ்தவர்களும் யூதர்களும் மேலே நிலம் விலை ஏற ஏறக் கீழே வெட்டிக்கொண்டு போனார்கள். அப்பியன் சாலை 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, தாமதம்தான், ஆனாலும் சந்தோஷம்.

கடலூர் வாசகர்: இது இத்தாலியோடு சரியா, வேறு நாடுகளிலும் உண்டா?

ரோமானியர் போன இடமெல்லாம் உண்டு. பிரான்சின் ஆர்ல் நகரத்தில், லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கத்தில், லெபனானின் டயர் நகரத்தில். உங்களுடையது துறைமுக ஊர் என்பதால் ஒருவரை மட்டும் சொல்கிறேன்: துருக்கியின் ஹியராபோலிஸ் நகரத்தில், வடக்கு வாசலுக்கு வெளியே சாலையோரமாக ஃபிளேவியஸ் ஜூக்சிஸ் என்ற வியாபாரியின் கல்லறை. மலேயா முனையைச் சுற்றி இத்தாலிக்கு 72 தடவை கப்பலில் போனேன் என்று அதில் எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கத்தின் தென்கோடியில் புயலுக்குப் பேர்போன முனை அது. 72 தடவையையும் அந்த மனிதர் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஈரோடு வாசகி: உங்கள் மனதுக்கு நெருக்கமான கல்லறை எது?

ரொட்டிக்காரர் யூரிசாசெஸ் கட்டியது. யோசிக்காமல் சொல்வேன்.

ரோமின் கிழக்கே இரண்டு பெரிய சாலைகள் பிரியும் கவட்டையில், எந்தச் சாலையில் வந்தாலும் கண்ணில் படுகிற இடத்தைப் பிடித்திருக்கிறார். கி.மு. 30 – 20 வாக்கில் கட்டியது, சுமார் 10 மீட்டர் உயரம். பெயரை வைத்துப் பார்த்தால் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்றே கருதுகிறார்கள். அரசாங்கத்துக்கு ரொட்டி சப்ளை செய்த குத்தகைக்காரர். மூன்று வரிசையாகப் பெரிய வட்டத் துளைகள். மாவு பிசையும் தொட்டிகளைக் குறிக்கிறது என்பது பலர் சொல்வது. அதற்கு மேலே ஓடுகிற சிற்பப் பட்டையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். தானியம் வாங்கிக் கணக்கெழுதுகிறார்கள், கழுதை சுற்றிச் சுற்றி வந்து அரைக்கிறது, ஒருவர் மாவு சலிக்கிறார், மாவு பிசையும் தொட்டியைச் சுற்றியும் ஒரு மிருகம் நடக்கிறது, நீள மேசையின் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று ரொட்டி உருட்டுகிறார்கள், ஒருவர் நீளமான துடுப்பால் அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுகிறார், கடைசியில் கூடை கூடையாகத் தராசில் எடை. போரில் ஜெயித்தவர்கள் போர்க் காட்சி வைப்பார்கள், இவர் தான் செய்த வேலையை, தன்னோடு செய்த ஆட்களோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

பிற்காலத்தில் நகர வாசலின் காவல் கோபுரம் ஒன்று இதை முழுசாக விழுங்கிவிட்டது. 1838-ல் கோபுரத்தை இடித்தபோது மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தது. கணவன் மனைவி இருவரும் நிற்கும் சிலை ஒன்று அங்கே கிடைத்தது. அதில் பெண்ணின் தலையை 1934-ல் யாரோ திருடிப் போய்விட்டார்கள். அங்கே கிடைத்த ஒரு கல்லில் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறது, அது இவர் மனைவி அட்டிஸ்டியாதான் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள்:

'அட்டிஸ்டியா என் மனைவியாக இருந்தாள். மிக நல்ல பெண்ணாக வாழ்ந்தாள். அவள் உடலில் மிஞ்சியது இந்த ரொட்டிக் கூடையில் இருக்கிறது.'